உப்பு ஒழுங்கைக் கிணறும் ஓவசியர் நிக்கலஸும்

பொதுக் கிணறுகளுக்கு மருந்து போடுவது கிராமசபைத் தொழிலாளியின் வேலை. உப்பு ஒழுங்கை என்ற சந்தின் கிணற்றுக்கு மட்டும் ஓவசியர் நிக்கலஸே போடுவார். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, வெயில் ஏற முதலே வந்து, சைக்கிளை வேலியில் சாய்த்து, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, வாளித் தண்ணீரில் குளோரின் தூளைக் கொட்டி வேப்பங்கம்பால் கலக்குவார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கலக்க வேண்டும். மண்டி அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் கிணற்றுக்குள் சுற்றிவர ஊற்றுவார். பிறகு வெறும் வாளியைப் பத்துத் தடவை இறக்கி ஏற்றுவார். எட்டுத் தடவை போதும் என்று தொழிலாளி ஒருமுறை சொன்னான். அன்றையிலிருந்துதான் அவனை இந்தக் கிணற்றுக்கு விடுவதில்லை.

"இண்டைக்குத் தேத்தண்ணி ஆசுப்பத்திரி மாதிரி மணக்கும்" என்றாள் ஜெமீலா. ஒழுங்கையின் மூன்றாம் வீட்டுக்காரி. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அரை மணித்தியாலம் பொறுத்து அள்ளுங்கோ. மணக்காது."

"இருவது வருஷமாப் பொறுத்துப் பாத்துட்டம். மணக்குது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஓவசியர், வாளி வரிசையைப் பாத்தீங்களா?"

நிக்கலஸ் பார்த்தார். வேலியோரமாக வாளிகளும் குடங்களும் வந்த ஒழுங்கில் நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால், கிணற்றுக் கட்டோடு ஒட்டி, நீல வர்ணம் அடித்த ஒரு வாளி நின்றது. ஸல்ஹாவின் வாளி.

கயிறு அவர் கையில் நின்றுவிட்டது. எத்தனையாவது தடவை இறக்கினோம் என்பது மறந்துபோயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

அந்த ஒழுங்கையில் முப்பத்துநாலு வீடுகள். கிணறு இருப்பது ஸல்ஹாவின் வளவின் முன்பக்கத்து மணல் திட்டில். நிலத்தைக் கொடுத்தவர் அவளுடைய வாப்பா ஸெய்னுதீன். கொடுத்த வீட்டார் முதல் வாளி அள்ளுவதில்லை என்பது கிணறு திறந்த நாளிலிருந்து நடக்கிற வழக்கம். விடிய முதலே வந்தாலும் வாளியைப் பின்னுக்கு வைத்துவிட்டு நிற்பார்கள். ஸெய்னுதீன் மௌத்தான வீட்டில், குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வந்தவர்கள்கூட இரண்டு வாளி போனபிறகுதான் அள்ளினார்கள். முதல் வாளி அந்த வீட்டுக்குப் போனால், கொடுத்ததைத் திருப்பி எடுத்ததாக அர்த்தம். யாரும் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒழுங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"மேசன்மார் நேத்து வந்து நூல் கட்டிட்டுப் போயிருக்காங்க" என்றாள் ஜெமீலா. "ஸல்ஹாட மகளுக்குத் தோப்பூர்ல மாப்பிள்ளை பாத்திரிக்கு. வீட்டைச் சுத்தி மதில் வரப்போகுது. கிணறு உள்ளுக்கு."

மணல் திட்டைச் சுற்றி முளைகள் அடித்து நூல் இழுத்திருந்தது. நிக்கலஸ் நூலோரமாக நடந்தார். நாற்பத்திரண்டு எட்டு. கிணறு நூலுக்கு உள்ளே ஒன்பது எட்டில் இருந்தது. திரும்பவும் நடந்து பார்த்தார். அளவு மாறவில்லை.

நடந்து அளப்பது அவருக்குப் பழைய வியாதி. நிக்கலஸ் திருகோணமலைப் பட்டணத்தில், துறைமுகத்தை ஒட்டிய மாதா கோயில் பங்கில் பிறந்தவர். பதினேழு வயதில் நேவி யாட்டில் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைக்காரனுடைய சாமான்களுக்கு வெள்ளை மையால் இலக்கம் எழுதுகிற வேலை. நங்கூரச் சங்கிலிக்கும் இலக்கம், கோப்பைக்கும் இலக்கம். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் கப்பலேறியபோது அவருக்கு முப்பது வயது. எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். இருந்தார் என்று சொல்வது பிழை என்பாள் மனைவி ஞானமலர். அந்த எட்டு மாதத்தில் அவர் விறாந்தையில் நடந்த நடைக்குச் சீமெந்து தேய்ந்துபோனதாம்.

பிறகு குடாவின் தென்கரையில் ஒரு கிராமசபை ஓவசியர் வேலைக்கு ஆள் கேட்டது. இயந்திரப் படகான லோஞ்சில் ஏறி வந்தவர் அங்கேயே குடியிருந்துவிட்டார். வந்த முதல் வருஷத்திலேயே சபையின் அறுபத்தொரு மதகுக்கும் பத்தொன்பது கிணற்றுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் வெள்ளை மையால் இலக்கம் எழுதினார். சந்தைக் கட்டடத்து வேப்பமரத்துக்கும் எழுதினார். அது சபையின் மரமா என்று சேர்மன் கேட்டதற்கு, சபையின் நிழல் என்றார். அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு கதிரை கொடுத்திருந்தார்கள். இருபத்துமூன்று வருஷத்துக்குப் பிறகும் அதன் பிரம்பு தொய்யவில்லை.

இந்தக் கிணறு ஐம்பத்தொன்பதில் வெட்டியது. அதற்கு முதல் அந்த ஒழுங்கையில் சபை மூன்று கிணறு வெட்டியிருந்தது. மூன்றும் உப்பு. மூன்றாவதில் ஊற்று வந்த அன்று, அப்போதைய சேர்மன் ஊர் பார்க்கக் கையில் ஏந்திக் குடித்து, ஊர் பார்க்கத் துப்பினார். அடுத்த தேர்தலில் தோற்றார். பெண்கள் அரை மைல் தள்ளிப்போய்த் தண்ணீர் சுமந்தார்கள். அப்போதுதான் நெல் வியாபாரி ஸெய்னுதீன் நிக்கலஸைக் கூப்பிட்டு, தன் வளவு மணல் திட்டைக் காலால் தட்டிக் காட்டி, "இதுல வெட்டுங்க" என்றார். பதினாலு அடியில் நல்ல தண்ணீர்.

கிணற்றுக் கட்டில் பெயர் பதிக்கலாம் என்று நிக்கலஸ் ஒரு கல்லுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஸெய்னுதீன் விடவில்லை.

"பேர் போட்டா அது என்ட கிணறு ஓவசியர். தண்ணி அல்லா குடுத்தது. நான் மண்ணை விட்டன், அவ்வளவுதான்."

அப்படிச் சொன்ன மனுசனிடம் காணி உறுதி எழுதித் தாருங்கள் என்று கேட்க நிக்கலஸுக்கு வாய் வரவில்லை. சேர்மனுக்கும் வரவில்லை. தண்ணீர் கொடுக்கிறவரிடம் கடதாசி கேட்பது அவர் முகத்தில் அடிப்பது போல. ஆனால் கல்லிலும் பெயர் இல்லை, கடதாசியிலும் பெயர் இல்லை என்பது நிக்கலஸை இரண்டு நாள் அரித்தது. நேவி யாட்டில் எல்லாவற்றுக்கும் இலக்கம் இருந்தது. தந்தவன் பெயர் எதிலும் இருந்ததில்லை. மூன்றாம் நாள் சபையின் சொத்துப் பதிவேடான ஆதன இடாப்பைத் திறந்து, கிணறு இலக்கம் இருபது என்று எழுதி, 'உரிமையாளர்' என்ற கட்டத்தில் 'கிராமசபை' என்று எழுதவேண்டிய இடத்தில், தன் நல்ல கையெழுத்தில் 'ஜனாப் மு. ஸெய்னுதீன்' என்று எழுதினார். எழுதி முடித்த அன்று நன்றாக நித்திரை கொண்டார்.

அதெல்லாம் பழைய கதை. இப்போது எண்பத்தோராம் ஆண்டு ஜூன் மாதம். கிராமசபைகளைக் கலைத்து, மாவட்டத்துக்கு ஒரே அபிவிருத்திச் சபை வைக்கப் போகிறார்கள். சபைக்குச் சொந்தமான ஆதனங்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை லோஞ்சில் பட்டணம் போக வேண்டும். பட்டியலில் உள்ளது புதுச் சபைக்கு. பட்டியலில் இல்லாதது இடாப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு.

நிக்கலஸ் கிணற்றடியிலிருந்து நேரே அலுவலகத்துக்கு மிதித்தார். கிளாக்கர் குணரத்தினம் இடாப்பையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நிக்கலஸைவிடப் பதினைந்து வயது இளையவர், பகிடிக்காரர்.

"வாங்கோ அண்ணை. இருக்கச் சொல்ல மாட்டன், எப்படியும் இருக்க மாட்டியள்." அவர் பேனையால் ஒரு வரியைத் தொட்டார். "இருபதாம் இலக்கம். நான் விட்டுட்டன்."

"ஏன் விட்டனீர்?"

"உரிமையாளர் ஆரெண்டு பாருங்கோ. உங்கட கையெழுத்துத்தான். நல்ல வடிவா எழுதியிருக்கிறியள்."

நிக்கலஸ் குனிந்து பார்த்தார். ஸல்ஹா இதைப் பார்த்திருக்கிறாளா என்பதுதான் அவருக்கு முதல் வந்த யோசனை.

"போன வெள்ளிக்கிழமை வந்து பாத்தவ" என்றார் குணரத்தினம், கேட்காமலே. "வாப்பாட பேர் இருக்குதா எண்டு கேட்டா. காட்டாமல் விட ஏலுமே. பொது இடாப்பு."

நிக்கலஸ் கதவுவரை போய்த் திரும்பி வந்தார். மறுபடி போனார்.

"ஒரு வழி இருக்கு" என்றார் குணரத்தினம். "அந்தப் பக்கத்தை எடுத்திட்டு வேற பக்கம் எழுதலாம். அந்தக் கால மைக்கூடு ஒண்டு அலுமாரியில கிடக்கு. கையும் உங்கட கைதான். எழுதப் போறது பொய்யும் இல்லை. அந்தாள் குடுத்தது ஊருக்கே தெரியும்."

"அந்தப் பிள்ளை பாத்திட்டுப் போயிட்டுது எண்டு சொல்லுறீர்."

"ஒருக்காப் பாத்தவ. பாத்ததுக்குச் சத்தியக் கடதாசியா முடிச்சு வைச்சிருக்கிறா?"

நிக்கலஸ் இடாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சபை இடாப்பை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை.

மத்தியானச் சாப்பாட்டின்போது ஞானமலர் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அந்தப் புத்தகத்தை ஏன் அரிசிப் பெட்டிக்கு மேல வைச்சனீங்கள்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். குழம்பு ஆறிப் போயிற்று.

"ஸல்ஹாவைப் பேசாதேங்கோ" என்றாள் அவள். "எங்கட மகள் இன்பமலருக்குச் சீதனமா வீடு குடுக்கேக்க மாப்பிள்ளை வீட்டார் வந்து குசினிப் புகைக்கூட்டையும் அண்ணாந்து பாத்தவை. கோழிக்கூட்டுக்குள்ளயும் குனிஞ்சு பாத்தவை. நீங்கள் அப்ப ஏதோ மதகு அளக்கப் போயிட்டியள். நான்தான் அவையளுக்குப் பின்னால பின்னால திரிஞ்சனான்."

"முப்பத்துநாலு வீடு, ஞானம்."

"அவளுக்கு ஒரு பிள்ளை. புருசனும் இல்லை." அவள் கையைக் கழுவினாள். "பக்கத்தைக் கிழிக்கப் போறியளோ?"

"தெரியேல்லை."

"கிழிச்சா இனி நீங்கள் எழுதின மற்றப் பக்கம் எல்லாம் ஆருக்கும் நம்பிக்கையில்லை. கிழிக்காட்டி உங்கட நடைக்கு இந்த வீட்டு நிலம் போதாது. எதெண்டாலும் கெதியாச் செய்யுங்கோ."

புதன்கிழமை பின்னேரம் அவர் ஸல்ஹாவின் வீட்டுக்குப் போனார். நாற்பது வயதுக்காரி, முக்காடு போட்டபடி முன்அறை வாசலில் நின்றாள். மகள் ஸாலிஹா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"குடிங்க ஓவசியர். உங்கட மருந்துதான் மணக்குது."

அவர் குடித்தார். உண்மையில் மணந்தது.

"தங்கச்சி, மதில் கட்டுறதை நான் வேண்டாமெண்டு சொல்ல வரேல்லை. கிணத்தை விட்டிட்டு வளைச்சுக் கட்டலாம். நான் அளந்து தாறன். ஒன்பது எட்டுத்தான் வித்தியாசம்."

"நீங்க அளப்பீங்க என்டு தெரியும். திங்கக்கிழமையே அளந்தீங்களாம்." அவள் சிரிக்கவில்லை. "மாப்பிள்ளைட உம்மா வந்து பாத்தா. காலையிலையும் பின்னேரமும் ஊரே வளவுக்குள்ள வந்து போகுதே, குமர்ப்பிள்ளை இருக்கிற வீடா என்டு கேட்டா. மதிலும் உள்ளுக்கு ஒரு கிணறும் இருந்தா நாள் வைக்கலாம் என்டு சொல்லிட்டுப் போனா. அவங்களுக்கு நான் என்ன சொல்ற?"

"வாப்பா குடுத்தது எண்டு சொல்லலாம்."

"வாப்பா குடுத்தாரு. எனக்குத் தெரியாதா? முதல் வாளியை ஜெமீலாட உம்மாட குடத்துல ஊத்தினது நான். பதினெட்டு வயசு எனக்கு." அவள் நிறுத்தினாள். "படலை போடுவன் ஓவசியர். பகல்ல திறந்துதான் கிடக்கும். ஆரையும் வரவேண்டாம் என்டு சொல்ல மாட்டன்."

"நீங்கள் சொல்ல மாட்டியள். மருமகன் சொல்லுவார். அவர் சொல்லாட்டி அவர் பிள்ளை சொல்லும்."

அவள் மேசையில் இருந்த துணிப்பையைப் பார்த்தாள். "புத்தகத்தைக் கொண்டுவந்தீங்களா?"

அவர் எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார். அவள் தொடாமல் குனிந்து, வாப்பாவின் பெயரை மனதுக்குள் ஒருமுறை வாசித்தாள்.

"இது பிழையா எழுதினதா, விரும்பி எழுதினதா?"

"விரும்பித்தான் எழுதினனான்" என்றார் நிக்கலஸ். "பிழையான கட்டத்தில. உரிமையாளர் எண்ட இடத்தில சபை எண்டு போட்டிருக்க வேணும். அவற்ற பேர் எங்கையாவது கிடக்கவேணும் எண்டு நினைச்சன்."

"வாப்பா வேணாம் என்டாரே."

"ஓம். வேண்டாம் எண்டுதான் சொன்னவர்."

அவர் ஓரத்து வெள்ளை இடத்தைக் காட்டினார். "இதில ஒரு குறிப்பு எழுதலாம். வாய்ச்சொல்லாக் குடுத்தது எண்டு. வாரிசு எண்டு நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சா, குணரத்தினம் பட்டியலில சேர்ப்பார்."

"வாப்பா குடுத்தப்ப கையெழுத்து இல்ல. இப்ப நான் வைச்சா, நான் குடுத்த மாதிரி. அப்ப மாப்பிள்ளை வீட்டார், மகளுக்கு வைக்க வேண்டியதை ஊருக்குக் குடுத்தவள் என்டு என்னத்தான் சொல்லுவாங்க." அவள் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இரிக்கு, இல்லையா? இருட்ட முதல் போங்க ஓவசியர். ஒழுங்கை முனை விளக்கு எரியுதில்ல."

அந்த விளக்கு எரியாதது அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் போகிற வழியில் கம்பத்தடியில் இறங்கி, இலக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். வியாழக்கிழமை முழுக்க அவர் ஓர் இடத்தில் நிற்கவில்லை. சந்தைக்குப் போனார், மயானத்து வேலியைப் பார்த்தார், உப்பு ஒழுங்கைக்குப் போய்ப் பாதியில் திரும்பினார். நூல் அப்படியே இருந்தது. நீல வாளி எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பயமாக இருந்ததால் கிணற்றுப் பக்கம் போகவில்லை.

பின்னேரம் அலுவலகத்துக்கு வந்து, இடாப்பை விரித்து, நின்றபடியே ஓரத்தில் எழுதினார்:

'இக்கிணற்று நிலம் காலஞ்சென்ற ஜனாப் மு. ஸெய்னுதீன் அவர்களால் 1959ஆம் ஆண்டு ஊர்ப் பாவனைக்கென வாய்மொழியாகக் கொடுக்கப்பட்டது. உரிமையாளர் எனும் கட்டத்தில் அவர் பெயரை எழுதியது எனது பிழை.'

கீழே கையெழுத்து வைத்து, அன்றைய திகதியைப் போட்டார்.

குணரத்தினம் எட்டிப் பார்த்தார். பகிடி ஒன்றும் வரவில்லை.

"அண்ணை, எனது பிழை எண்டு எழுதியிருக்கிறியள். புதுச் சபைக்கு உங்களை எடுக்கிறதோ எண்டு இன்னும் கடிதம் வரேல்லை. இதைப் பாத்தாங்களெண்டா மற்றப் பக்கமும் இப்படித்தானோ எண்டு விசாரிப்பாங்கள். ஓய்வூதியமும் இழுபடும்."

"பிழை ஆரின்ரை?"

"உங்கட பிழைதான். அதுக்காக எழுதுறதே?"

"எழுதித்தான் பிழை வந்தது" என்றார் நிக்கலஸ். "எழுதித்தான் போகவேணும். அவவின்ர கையெழுத்து வந்தாப் பட்டியலில போடும். வராட்டிப் போடாதையும்."

வெள்ளிக்கிழமை லோஞ்ச் பத்தரைக்கு. ஒன்பது மணிக்கே நிக்கலஸ் அலுவலக முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். ஒன்பதரைக்கு குணரத்தினம் பட்டியலை உறையில் போட்டு, வாயை ஒட்டாமல் மேசையில் வைத்தார். பத்து மணிக்குச் சற்று முன் ஸல்ஹா வந்தாள். மகளைக் கூட்டிவரவில்லை. வெள்ளைச் சேலை முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"இருங்கோ தங்கச்சி" என்று நிக்கலஸ் தன் கதிரையை இழுத்து வைத்தார்.

அவள் இருந்தாள். பிரம்பைக் கையால் தடவிப் பார்த்தாள். "புதுசா வாங்கினதா?"

"ஐம்பத்தெட்டில வாங்கினது" என்றார் குணரத்தினம். "ஆக்கள் இருந்தாத்தானே பழசாகும்."

அவள் இடாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஓரத்தில் எழுதியிருந்ததை ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். 'எனது பிழை' என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"நீங்க முதல்ல வைச்சிட்டீங்க."

"ஓம்."

"இதால உங்களுக்கு ஒண்டும் வராதா?"

"வந்தாலும் வரும்."

அவள் குணரத்தினத்தின் பேனையை வாங்கி, நிக்கலஸின் கையெழுத்துக்குக் கீழே மெதுவாகத் தன் பெயரை எழுதினாள். மை காய, பக்கத்தை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குணரத்தினம் உறையிலிருந்து பட்டியலை வெளியே எடுத்து, கடைசி வரிக்குக் கீழே 'கிணறு, இலக்கம் 20, உப்பு ஒழுங்கை' என்று சேர்த்தார். கடற்கரையில் லோஞ்ச் முதல் சங்கு ஊதியது. அவர் உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு, செருப்பைக் காலில் மாட்டியபடியே ஓடினார்.

அறையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். நிக்கலஸுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "மதில் நூலை நான் வந்து மாத்திக் கட்டித் தாறன்" என்றார்.

"நேத்தே அவிழ்த்திட்டன்." ஸல்ஹா முக்காட்டைச் சரிசெய்தாள். "தோப்பூருக்கும் ஆள் அனுப்பினன். மதில் வரும், கிணறு உள்ளுக்கு வராது என்டு. இன்னும் ஒரு சொல்லும் வரல்ல."

"வரும் தங்கச்சி."

அவள் அவரைப் பார்த்த பார்வையில், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இருந்தது. அவர் தலையைக் குனிந்தார்.

"வாப்பா குடுத்ததுக்கு ஒரு கட்டம் இருந்திச்சு, ஓவசியர். பிழையோ சரியோ, நீங்க அதுல எழுதி வைச்சீங்க." அவள் குரல் உயரவில்லை. "என்ட புள்ளைக்குக் குடுக்க வேண்டியதை நான் குடுக்காம விட்டனே. அதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

நிக்கலஸ் இடாப்பைப் பார்த்தார். திகதி, இலக்கம், இடம், விபரம், உரிமையாளர், குறிப்பு என்று கட்டங்கள் வரிசையாக இருந்தன. இருபத்துமூன்று வருஷமாக அவர் கோடு போட்டு நிரப்பிய கட்டங்கள். அவர் இரண்டு எட்டு முன்னால் வைத்தார், பிறகு நின்றார்.

கடற்கரையில் இரண்டாவது சங்கு ஊதி ஓய்ந்தது. ஸல்ஹா எழுந்து, கதிரையை மேசையடியில் முன்பிருந்தபடியே தள்ளிவைத்துவிட்டு, வாசற்படியைத் தாண்டி வெளியே போனாள்.